எங்கள் வீட்டின் விறகுக் கொட்டில்

லிந்துலைக் கடைவீதி முடிந்து அக்கரப்பத்தனைப் பாதை ஏறத் தொடங்கும் இடத்தில் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. இரண்டு அறை, ஒரு குசினி, தகரக் கூரை, முன்னால் மூன்று படி. அப்பா பெயரில் உறுதிப் பத்திரம் முடித்த வீடு. நாங்கள் அந்த வீட்டுக்குப் பின்னால் உள்ள விறகுக் கொட்டிலில் நான்காவது வருடமாகக் குடியிருக்கிறோம். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு என்னைப் பார்த்து, "நீ படிச்ச புள்ளதானே?" என்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள அல்ல. காப்பாற்றும் நிலையில் நான் இல்லை.

அப்பா மேல் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டினார். தேயிலைச் செடியின் தலையை அளவாகச் சீவி இறக்கும் வேலை அது. அம்மா கொழுந்து எடுத்தாள். எங்கள் வம்சத்தில் தன் பெயரைத் தானே எழுதிய முதல் ஆள் நான். தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. அதற்கு மேல் படிக்கத் தினமும் மூன்று மைல் இறங்கி, மூன்று மைல் ஏறினேன். சப்பாத்து இல்லாவிட்டாலும் சட்டையில் சுருக்கமில்லாமல் போவேன். எனக்கு அந்த நாளிலேயே தலைக்கனம் உண்டு.

தோட்டம் கொடுத்த வரிசை வீட்டு அறைக்கு, லயத்துக் காம்பிராவுக்கு, வாடகை கிடையாது. அதில் உரிமையும் கிடையாது. வேலை இருக்கும்வரை அது நமது. பேரை வெட்டி, 'பத்துச்சீட்டு' என்ற அந்த விலக்குத் துண்டைக் கையில் கொடுத்துவிட்டால், சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். எங்கள் லயத்துக் கோடியில் இருந்த ஒரு குடும்பம் இறங்க மறுத்தபோது, தோட்டத்து ஆட்கள் வந்து கதவைக் கழற்றிக்கொண்டு போனார்கள். மழைக்காலம். அந்த வீட்டுக்காரி வாசலில் சாக்கைக் கட்டிவிட்டு உள்ளே அடுப்பு மூட்டியதை அம்மா பார்த்திருந்தாள். அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஒரே நினைப்பு. கதவை யாரும் கழற்ற முடியாத ஒரு வீடு வேண்டும்.

சீட்டுப் பணம், அம்மாவின் தோடு, அப்பா வாரக்கடைசிகளில் வெளித் தோட்டங்களுக்குப் போய்ச் சம்பாதித்த கைக்காசு எல்லாம் சேர்ந்தபோது எனக்குப் பதினொரு வயது. கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா கண்டிக்குப் போவதால் தன் வீட்டை விற்றார். நொத்தாரிசு முன்னால் அப்பா கைநாட்டு வைத்தார். நான்தான் அவருடைய பெருவிரலைத் துடைத்துவிட்டேன். உறுதியை பிஸ்கட் டின்னில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நான்தான்.

சாவியைக் கொடுக்கும்போது நானா அப்பாவிடம் சொன்னார்: "வாடகைக்குக் குடுக்கறதா இருந்தா தெரிஞ்ச ஆளுக்குக் குடுக்காதீங்க. தெரியாத ஆளாப் பாத்து, மூணு மாசத்து முற்பணம் வாங்கிக்கிட்டு, பொறகு தொறப்பக் குடுங்க."

அப்பா தலையாட்டினார். எங்களுக்கு வாடகை என்பது என்னவென்றே தெரியாது. கொடுத்ததுமில்லை, வாங்கினதுமில்லை. லயத்துக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தால் மூன்று நாளைக்கு அக்கம்பக்கத்தில் சோறு கொடுப்பார்கள், கங்கு கொடுப்பார்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பதற்கே ஒரு வாரம் ஆகும். ஒரு வீட்டில் ஆளை வைப்பது பற்றி அப்பா அறிந்திருந்ததெல்லாம் அவ்வளவுதான்.

வேலை இருக்கும்வரை லயத்தில் இருப்போம், அதுவரை வீடு சும்மா கிடக்க வேண்டாம் என்று முடிவாயிற்று. வாடகைக்கு வந்தவர் அப்பாவின் பழைய கிளாக்கர்.

அவர் எங்கள் தோட்டத்து ஆபீசில் பதினைந்து வருடம் இருந்தவர். சம்பள நாளில் பேர் கூப்பிட்டுக் காசை மேசையில் தள்ளுவது அவர்தான். புதுத் துரை வந்த பிறகு ஏதோ சரியில்லாமல் வேலையை விட்டு இறங்கினார். தபால் கந்தோருக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, தட்டச்சு இயந்திரம் வைத்து, பெட்டிசம் எழுதிக் கொடுத்துப் பிழைத்தார். மனைவியையும் இரண்டு பெட்டிகளையும் வைத்துக்கொண்டு ஒண்ட இடம் தேடுகிறார் என்று கேள்விப்பட்டதும் அப்பா ஓடினார். வாடகை எவ்வளவு என்று அவரே கேட்டாராம். "ஐயா பாத்து என்னா குடுத்தாலும் சரிங்க" என்று அப்பா சொன்னாராம். முற்பணம் பற்றி அம்மா கேட்டபோது அப்பாவுக்குக் கோபம் வந்தது. கிளாக்கரையாவிடம் முற்பணம் கேட்பதா?

உண்மையைச் சொன்னால் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வகுப்பில் கடைக்காரர்களின் பிள்ளைகள் என்னை லயத்துப் பிள்ளை என்பார்கள். நான் அவர்களிடம், எங்கள் வீட்டில் கிளாக்கர் குடியிருக்கிறார் என்றேன். ஒருத்தி, "அப்ப நீ எங்க குடியிருக்க?" என்று கேட்டாள்.

முதல் இரண்டு மாதம் வாடகை வந்தது. அப்பாவின் கையில் கொடுக்கமாட்டார். ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். அப்பா எடுத்துக்கொள்வார். மூன்றாம் மாதம் ஜன்னல் கட்டையில் ஒன்றுமில்லை.

அதே மாதத்தில்தான் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போடும் பேச்சு தோட்டமெங்கும் நடந்தது. நாடு சுதந்திரமடைந்ததும் எங்களை இந்த நாட்டார் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இங்கேயே இருப்பவர்கள் என்று நிரூபித்து எழுதிக் கேட்க வேண்டும். கிளாக்கர் தோட்டத்துக்கே எழுதிக் கொடுத்தார். அப்பாவிடம் மட்டும் எழுத்துக்கூலி வாங்கவில்லை. "நீ இங்க வேர் விட்டவன்னு காட்டணும். வீட்டு உறுதி இருக்குல்ல, அதக் குடுத்தனுப்பு" என்றார்.

பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு நான்தான் போனேன். மூன்று படி ஏறி, இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் உறுதியை விரித்துப் பார்த்தார். தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். எனக்கு ஒரு லோசன்ஜர் கொடுத்தார். வீட்டுக்காரனின் மகள் வீட்டின் உறுதியைக் கொண்டுபோய்க் குடியிருப்பவர் கையில் கொடுத்துவிட்டு இனிப்பைச் சப்பிக்கொண்டே மலையேறியது இப்படித்தான். இதை யாராவது வேறு ஊரில் செய்திருப்பார்களா என்று யோசித்துப் பார்க்கிறேன். செய்திருக்க மாட்டார்கள். தாளில் எழுதிய எதுவும் கிளாக்கரிடம் இருப்பதுதான் பத்திரம் என்று நினைப்பவர்கள் நாங்கள் மட்டும்தான்.

அதன் பிறகு அப்பா வாடகை கேட்கப் போனதெல்லாம் ஒரே மாதிரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்புவார். வெறுங்கையோடு போகக் கூடாதென்று, வெட்டிய தேயிலைக் குச்சிகளைக் கட்டித் தலையில் வைத்துக்கொள்வார். மிலாறு என்போம் அதை. நன்றாக எரியும். அம்மா ஒரு பையில் போஞ்சியோ கரட்டோ போட்டுக் கொடுப்பாள். அப்பா படிக்குக் கீழே நின்று, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஐயா" என்பார். சம்பள நாளில் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்ற அதே நிற்பு. கிளாக்கர் கதிரையில் உட்கார்ந்தபடியே, "என்னாப்பா, ஒடம்பு எப்படி?" என்பார். அப்பா நல்லா இருக்குங்க என்பார். பிறகு விறகைப் பின்னால் கொண்டுபோய், கையோடு நாலு கட்டையைப் பிளந்தும் வைத்துவிட்டு வருவார். விறகு நனைகிறது என்று ஐயா சொன்னதால், பழைய தகரம் வாங்கி ஒரு கொட்டிலும் போட்டுக் கொடுத்தார். வாடகையைப் பற்றிப் பேச நேரமிருக்காது.

"கேட்டீங்களா?" என்று அம்மா கேட்பாள்.

"பிரஜாவுரிமைக் கேஸ் முடியட்டும். கடுதாசியெல்லாம் அவரு கையில இருக்கு."

"நீங்க வெறகு கொண்டு போறதப் பாத்தா, நாம அவருக்கு வாடக கட்டற மாதிரி இருக்குங்க."

அந்த வருடங்களில் கேஸ் என்ற சொல் எங்கள் வீட்டில் சாமி மாதிரி இருந்தது. அதன் முன்னால் யாரும் சத்தமாகப் பேசக் கூடாது.

பதினாறு வயதில் நான் பொறுமையிழந்தேன். ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். இத்தனை வருடமாக வாடகை வரவில்லை, ஒரு மாதத்துக்குள் தீர்க்காவிட்டால் வீட்டை விட வேண்டும் என்று. அகராதியைப் பார்த்து மூன்று தடவை படி எடுத்தேன். அப்பாவுக்குச் சொல்லாமல் நானே கொண்டுபோனேன். தோட்டத்தில் யாரும் ஆங்கிலத்தில் கடிதம் எழுதி இன்னொருவருக்குக் கொடுத்ததில்லை. படி ஏறும்போது என் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

கிளாக்கர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் வாசித்தார். மேசையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து இரண்டு இடத்தில் கோடு போட்டார். என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நல்லா எழுதுற பாப்பா. ரெண்டு பிழதான். ஒங்கப்பன் இத எழுதச் சொன்னானா?"

நான் இல்லை என்றேன்.

"நெனச்சேன். அவன் வெவரமானவன்."

கோடு போட்ட இடங்கள் இரண்டும் உண்மையிலேயே பிழைகள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கொட்டகலை ஓடைவரை கேட்கும்படி அழ வேண்டும்போல இருந்தது. அழவில்லை. கடிதத்தை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

எனக்குப் பதினெட்டு நடக்கும்போது அப்பாவின் கண் மங்கியது. கவ்வாத்துக் கத்தி செடியை விட்டுக் காலில் இறங்கியது. ஆறு கிழமை படுத்தார். எழுந்து, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போன முதல் நாள், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா அவரைத் தனியாக நிற்கச் சொன்னார். மாலையில் பத்துச்சீட்டு வந்தது. புருசன் பேரை வெட்டினால் பெண்சாதி பேரும் சேர்ந்து போகும். அம்மாவின் கொழுந்துக் கூடையும் அன்றே சுவர்க் கொழுவியில் ஏறியது. காம்பிராவைக் காலி செய்ய ஒரு மாதத் தவணை.

அம்மா அழவில்லை. அதற்காகத்தானே வீடு வாங்கினோம் என்றாள். நடக்கும் என்று பத்து வருடமாக அவள் எதிர்பார்த்த ஒன்று நடந்துவிட்டது, அதற்கு அவள் தயாராகவும் இருக்கிறாள் என்பது போல இருந்தது அவள் முகம். அடுத்த ஞாயிறு மூவருமாக இறங்கினோம். அப்பா அன்றும் விறகு தூக்கினார்.

கிளாக்கர் எல்லாவற்றையும் கேட்டார். மிகவும் வருத்தப்பட்டார். வருத்தம் பொய்யில்லை என்றே நினைக்கிறேன். அவரும் அதே தோட்டத்திலிருந்து இறக்கப்பட்டவர்தான். ஆனால் வேறு வீடு பார்க்க வேண்டும், மனைவிக்கு மூச்சிழுப்பு, மழை முடியட்டும் என்றார். "ஒரு மாசம் டைம் குடுப்பா."

அப்பா கொடுத்தார். கேட்டவர் ஒரு மாதம் கேட்டார், கொடுத்தவரிடம் இருந்ததும் ஒரு மாதம்தான்.

தவணை முடிந்த அன்று காலை தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் வந்து லயத்து முற்றத்தில் நின்றார்கள். பழகிய பிள்ளைகள். அப்பாவை மாமா என்று கூப்பிடுகிறவர்கள். "மாமா, நீங்களா எறங்கிட்டா நாங்க கதவத் தொட வேணாம்" என்று ஒருவன் சொன்னான். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, கதவை அவளே சாத்திவிட்டு வந்தாள். தோட்டத்து லொறி கொழுந்து ஏற்றப் போகும் வழியில் எங்கள் சாமான்களைக் கடைவீதியில் இறக்கிவிட்டது. மழை பெய்துகொண்டிருந்தது.

எங்கள் வீட்டு வாசலில் எங்கள் சட்டி பானையோடு நின்றோம். கதவு திறந்திருந்தது. கிளாக்கர் வெளியே வந்தார். உள்ளே அவர் மனைவி இருமுவது கேட்டது. அவர் மழையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"பின்னால வெறகுக் கொட்டில் இருக்குல்ல. இப்போதைக்கு அங்க இருந்துக்கங்க. மழ விட்டதும் பாக்கலாம்."

"சரிங்க ஐயா. பெரிய ஒவகாரம்ங்க" என்றார் அப்பா.

மிலாறை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுப் பாயை விரித்தோம். அந்த விறகையெல்லாம் ஒவ்வொரு ஞாயிறாக மேலேயிருந்து சுமந்துவந்தவர் அப்பா. தகரத்தை ஆணி அடித்தவரும் அவர்தான். தகரத்தில் எங்கே ஒழுகும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த இடத்தில் அவர் படுத்துக்கொண்டார்.

மழை விட்டது. மறுபடி பெய்தது. அப்படியே ஆறு மாதம் போயிற்று. நான் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சிறு பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் வேலையில் சேர்ந்தேன். அம்மா கடைவீதியில் மிளகாய் இடித்தாள். தோட்டத்தில் இருந்தவரை அரிசி தோட்டத்திலேயே கிடைத்தது. இப்போது கூப்பன் புத்தகம் வேண்டும். அதற்கு ஒரு வீட்டு விலாசத்தில் பதிய வேண்டும். பதிய வருகிறவர் கிராமத் தலைவரான ஆராச்சி. சிங்களவர், நல்ல மனிதர், அவசரக்காரர்.

அவர் வரும் நாளை அறிந்து நான் லீவு போட்டேன். எனக்கு இது ஒரு வாய்ப்பாகத் தெரிந்தது. அரசாங்கப் பதிவில் வீட்டுக்காரர் என்று அப்பாவின் பெயர் ஏறிவிட்டால் அதையே பிடித்துக்கொண்டு வழக்குப் பேசலாம் என்று கணக்குப் போட்டேன். அப்பாவிடம் முதல் நாள் இரவே சொல்லிக் கொடுத்தேன். கேட்டால் ஒரே வார்த்தை போதும், என் வீடு என்று சொல்லுங்கள். அப்பா திருப்பிச் சொன்னார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இரண்டு தடவை சொன்னார்.

ஆராச்சி முன்படியில் குடையை வைத்துவிட்டுப் பதிவேட்டை விரித்தார். வீட்டுத் தலைவர் யார் என்று கேட்டார். கிளாக்கர் தன் பெயரைச் சொன்னார். பின்னால் இருப்பவர்கள்? நம்மோடு ஒட்டிக்கொண்டு இருப்பவர்கள் என்று கிளாக்கர் சிங்களத்தில் சொன்னார்.

நான் முன்னால் போனேன். "மாத்தையா, இது எங்கள் அப்பாவின் வீடு. இவர்தான் வாடகைக்கு இருக்கிறார்" என்று என்னால் முடிந்த நல்ல சிங்களத்தில் சொன்னேன். ஆராச்சியின் பேனா நின்றது. உறுதி எங்கே என்று கேட்டார். கேஸோடு கொழும்புக்குப் போயிருக்கிறது என்று கிளாக்கர் சொன்னார். அதில் பொய்யில்லையோ என்னவோ, எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆராச்சி அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா படிக்குக் கீழே வந்து நின்றார். துண்டு கக்கத்தில் போயிற்று. ஆராச்சி தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "ஒங்க வீடுதானா இது?"

அப்பா ஆராச்சியைப் பார்க்கவில்லை. கதிரையில் இருந்த கிளாக்கரைப் பார்த்தார். மழைத்தண்ணீர் தகரத்திலிருந்து அவர் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் நகரவில்லை.

"ஐயா சொல்றது சரிங்க" என்றார்.

ஆராச்சி எழுதிக்கொண்டார். அப்பா பெருவிரலை நீட்டினார். அந்த முறை நான் துடைத்துவிடவில்லை.

அன்று மாலைவரை நான் அவரோடு பேசவில்லை. பிறகு கேட்டுவிட்டேன். ஒரே வார்த்தைதானே, ஏன் வரவில்லை என்று. அப்பா அடுப்பில் ஒரு குச்சியைத் தள்ளினார்.

"மனசுக்குள்ள சொன்னேன் ஆத்தா. வாய்க்கு வரல. அவரு மொகத்தப் பாத்துக்கிட்டு வேற பேச்சு நான் பேசினதே இல்ல."

அடுத்த தை மாதம் கேஸின் முடிவு வந்தது. கடிதம் கிளாக்கரின் விலாசத்துக்கு வந்ததால் அவர்தான் படியில் நின்று வாசித்துக் காட்டினார். நிராகரிக்கப்பட்டது. காரணம் ஒரு வரியில் இருந்தது. அதை அவர் தமிழில் சொன்னார். எங்களுக்கு விளங்கவில்லை. உறுதியைக் கேட்டேன். பைலோடு போனது பைலோடு தங்கிவிட்டது என்றார். எதற்காக அப்பா இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தாரோ அது இல்லாமல் போயிற்று. அப்பாவின் வாய் மட்டும் திறக்கவில்லை.

நுவரெலியாவுக்குப் போய் வழக்குப் பேசும் ஒரு புரக்டரைப் பார்த்தேன். இரண்டு மாதச் சம்பளத்தைக் கைக்குட்டையில் கட்டிக்கொண்டு போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். உறுதி தொலைந்தது பெரிய விஷயமில்லை, பதிவுக் கந்தோரில் பிரதி எடுக்கலாம் என்றார். எனக்கு உயிர் வந்தது. ஆராச்சியின் பதிவேட்டைப் பற்றிச் சொன்னதும் பேனாவை மூடி வைத்தார். வாடகை வாங்கியதற்கு ரசீதுத் துண்டில்லை, முற்பணமில்லை, எழுத்தில்லை. இப்போது பதிவேட்டில் கைநாட்டும் இருக்கிறது. அப்படியும் வழக்குப் போடலாம். உங்கள் அப்பா சாட்சிக் கூட்டில் ஏறி, அந்த மனிதரின் முகத்துக்கு நேரே, நான் வீட்டுக்காரன், நீ குடியிருப்பவன் என்று சொல்ல வேண்டும்.

"சொல்லுவாரா?" என்று கேட்டார்.

காசை எண்ணாமலே திருப்பிக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

இப்போதும் கொட்டிலில்தான் இருக்கிறோம். வாசலில் கட்டியிருந்த சாக்குக்குப் பதில் பலகை அடித்திருக்கிறோம். அப்பாவுக்கு ஒரு கண் முழுக்கப் போய்விட்டது. மற்றக் கண்ணால் ஐயாவின் வாசலைக் கூட்டுகிறார். கூட்ட வேண்டாம் என்று நானும் சொல்வதில்லை. கூப்பன் புத்தகங்கள் வீட்டுத் தலைவரிடம் இருக்கின்றன. சனிக்கிழமைதோறும் அம்மா முன்வாசலுக்குப் போய் வாங்கிக்கொண்டு, அரிசி எடுத்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவாள். நான் ஒருநாளும் போனதில்லை. பட்டினி கிடந்தாலும் அந்தப் படிக்குக் கீழே நிற்கமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

போன மாதம் அம்மாவுக்குக் காய்ச்சல். சனிக்கிழமை மத்தியானம்வரை பார்த்தேன். பானையில் ஒன்றுமில்லை. அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டார். அவரைப் போகவிட முடியாமல் நானே எழுந்தேன். படியேறிப் போய், எங்கள் புத்தகங்களைத் தாருங்கள் என்று மட்டும் சொல்வது என்று தீர்மானித்துக்கொண்டு போனேன். அதற்கு மேல் ஒரு சொல் சொல்வதில்லை.

முன்கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே கிளாக்கர் தட்டச்சு அடிக்கும் சத்தம். நான் குடையை மடக்கினேன். மழை தூறிக்கொண்டிருந்தது, ஆனாலும் மடக்கினேன். சத்தம் நிற்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவர் வெளியே வந்து பார்த்தபோதுதான், நான் படியில் ஏறவில்லை என்பதைக் கண்டேன்.

"ஐயா" என்றேன்.

அவர் உள்ளே போய் மூன்று புத்தகங்களையும் எடுத்துவந்து ஜன்னல் கட்டையில் வைத்தார். நான் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.